எந்த எண்ணெய்?

பேய் என்றால் இரவு பன்னிரண்டு மணிக்குத்தான் வரவேண்டும் என்று யார் சட்டம் போட்டது? இது பட்டப்பகலில் நடந்தது. 2025 ஆகஸ்ட் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை, பகல் 12.22. நடந்தது தில்லையடியில் ஓட்டோ ஓட்டும் மர்ளியாவுக்கு. ஒரு எழுத்துக்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை. நம்ப மனமில்லாதவர்கள் அவளிடமே நேரே போய்க் கேட்கலாம். ஆனால் ஒன்று, அவள் வாய் லேசுப்பட்ட வாய் அல்ல. பொய் சொல்கிறாய் என்று அவள் முகத்துக்கு நேரே சொன்னவன் யாரும் அதை இரண்டாவது தடவை சொன்னதில்லை.

அந்த ஓட்டோ அவளுடைய புருஷன் நளீருடையது. நளீர் நெஞ்சுவலியில் மவுத்தாகி ஒன்றரை வருசம். புருஷனுக்காக இருந்த இத்தா முடிந்த மறுவாரமே மர்ளியா சாவியைக் கையில் எடுத்துவிட்டாள். ஊர் சும்மா இருக்குமா? பொம்பிளை ஓட்டோ ஓட்டுகிறாளாம் என்று ஆளுக்கொரு கதை. எல்லாரையும் விடப் பெரிதாகக் கதைத்தவர் நளீரின் காக்கா முபாறக். பள்ளிவாசல்துறையில் வள்ளம் வைத்து மீன்பிடித் தொழில் செய்பவர். கெட்ட மனுசன் இல்லை. ஆனால் தம்பி பெண்சாதி ரோட்டில் நிற்பது தன் மானத்துக்கு இழுக்கு என்று நினைப்பவர். வண்டியை ஒரு ஆம்பிளையிடம் கொடுத்துவிடு, நடுவழியில் நின்றால் நீ என்ன செய்வாய் என்று வந்த நேரமெல்லாம் ஒரே பாட்டு.

ஒரு நாள் மர்ளியாவுக்குப் பொறுக்கவில்லை. ஆட்களுக்கு முன்னால் வெட்டொன்று துண்டு இரண்டாகச் சொன்னாள்.

"மச்சான், இந்த வண்டி ஒரு நாளைக்கு நடுரோட்டில நிண்டு போச்செண்டா, நீங்க கேக்கவே தேவல்ல. சாவிய நானே கொண்டு வந்து தருவன்."

முபாறக் அந்தச் சொல்லை உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து மர்ளியா எண்ணெய் விசயத்தில் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு இருந்தாள். அந்த வண்டிதான் அவளுக்கும் மகள் ஃபஹ்மியாவுக்கும் சோறு. சாவி போனால் சோறும் போகும், தலை நிமிர்வும் போகும்.

அப்படிப்பட்டவள் அந்த வெள்ளிக்கிழமை கோட்டை விட்டாள்.

காலையில் புத்தளம் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு தாயையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு பள்ளிவாசல்துறைக்கு ஓடினாள். அவள் வழமையாக ஓடாத தூரம். போகிற வழியிலேயே இஞ்சின் ஒரு இருமல் இருமியது. உடனே கீழே கையை விட்டு ரிசேவுக்குத் திருப்பினாள். அடிமட்டத்தில் மிச்சமிருக்கிற எண்ணெய். வரும்போது பெற்றோல் செட்டில் அடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பும்போது நேரம் 11.55. அப்போதுதான் தலையில் அடித்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை! ஜும்மாத் தொழுகைக்கு எல்லாம் பூட்டு. செட் திறக்க ஒரு மணி தாண்டும். ஒரு மணிக்குத் தில்லையடியில் டியூசன் பிள்ளைகள் அவளுக்காகக் காத்து நிற்கும்.

முபாறக்கின் வீடு பக்கத்தில்தான். அவர் பள்ளிவாசலுக்குப் போயிருப்பார் என்று தெரிந்துதான் போனாள். அவருடைய மனைவி முஃபீதா குசினியில் நின்றாள். எண்ணெய் முடிந்துவிட்டது என்று சொன்னால் அது இரண்டு மணிக்குள் மச்சானின் காதுக்குப் போகும். அதனால் மர்ளியா பெரிய வீட்டுக்காரி மாதிரி வாசலில் நின்றபடியே, கொஞ்சம் எண்ணெய் இருந்தால் தாங்க மச்சி, நாளைக்குக் கொண்டு வந்து தாறன் என்றாள். பின்னுக்கு நீலக் கேனில் கிடக்கு, எடுத்துட்டுப் போங்க என்று முஃபீதா உள்ளேயிருந்து சொன்னாள். காய வைத்த கருவாட்டு வாடையில் மூக்கே மரத்துப் போன முற்றம். மர்ளியா கேனைத் தூக்கிப் பின் சீட்டில் வைத்தாள். அங்கேயே ஊற்றினால் முஃபீதா கண்டுவிடுவாள், தள்ளிப் போய் ஊற்றலாம் என்று கிளம்பினாள்.

இங்கேதான் சூட்சுமம். ஓட்டோக்காரருக்கு எண்ணெய் என்றால் பெற்றோல். வள்ளக்காரருக்கு எண்ணெய் என்றால் மண்ணெண்ணெய், வள்ளத்து இஞ்சின் குடிப்பது அதைத்தான். இந்தக் கரையில் பிறந்தவர்களுக்கு மட்டும் வரக்கூடிய பிழை இது.

12.20க்கு இஞ்சின் மறுபடி இருமியது. ஒரு தடவை. இரண்டு தடவை. ரோட்டில் ஒரு குருவி இல்லை. நிற்கப் போகிறது என்று தெரிந்தது. அப்போது இடப்பக்கம் ஒரு செட் தெரிந்தது. கூரை, ஒரு பம்ப், வாசலில் கீழே விழுந்து கிடக்கும் சங்கிலி. ரோட்டில் நிற்பதைவிட ஓட்டிக்கொண்டே போய் உள்ளே நிறுத்தினால் அது நிறுத்தியது, நின்றது அல்ல. அவளுக்கு அந்த வித்தியாசம் உயிர். ஓடிக்கொண்டிருக்கும் இஞ்சினுடனேயே வளைத்து உள்ளே விட்டாள்.

நேரம் 12.22. போனில் பார்த்தாள்.

இஞ்சினை நிறுத்தவில்லை. நிறுத்தினால் திரும்ப எடுக்குமோ என்ற பயம். இறங்கி ஓடி, பின்னால் டாங்கியின் மூடியைத் திறந்தாள். கேனைச் சீட்டில் வைத்தபடியே சரிக்கப் போனாள். ஒரு கையில் போன். டியூசன் பிள்ளையொன்றின் உம்மா அழைத்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சின நிப்பாட்டு."

மர்ளியா துள்ளித் திரும்பினாள். பம்புக்குப் பக்கத்தில் ஒரு ஆள். ஐம்பது வயதிருக்கும். செட்டுக்காரர் போடும் நீலச் சட்டை. மூக்கையும் வாயையும் மூடிய மாஸ்க். ஜும்மாவுக்குப் போகாத மனுசனா என்று ஒரு கணம் நினைத்தாள். பரவாயில்லை, செட் திறந்திருக்கிறதே என்று அடுத்த கணம் சந்தோசப்பட்டாள்.

நிப்பாட்டினால் எடுக்காது நானா என்றாள். அந்த ஆள் அசையவில்லை. நிப்பாட்டு புள்ள, போனை உள்ளுக்கு வை, கேனை நிலத்தில் வை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். குரலில் கோபம் இல்லை. கெஞ்சுவது போல இருந்தது. சூடான இஞ்சினுக்கு மேலே எண்ணெய் ஊற்றினால் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியாதா என்று அவளுடைய மனமே அவளுக்கு ஏசியது. நிறுத்தினாள். போனை முன் பெட்டியில் போட்டாள். கேனை நிலத்தில் வைத்தாள்.

இஞ்சின் ஓய்ந்த பிறகுதான் கவனித்தாள்.

காற்று இல்லை.

ஆகஸ்ட் மாதம் அந்த ரோட்டில் காற்று இல்லாமல் இருக்காது. தூரத்தில் நிற்கும் காற்றாலைகளைப் பார்த்தாள். மூன்றும் சுற்றாமல் நின்றன.

"எந்த எண்ணெய்?" என்றார் அவர்.

"எண்ணெய்தான்."

"எந்த எண்ணெய்?"

மர்ளியாவுக்குச் சுர்ரென்று ஏறியது. "ஓட்டோவுக்கு என்ன நானா, தேங்காயெண்ணெயா ஊத்துவாங்க?"

எந்த மனுசனும் அதற்குச் சிரித்திருப்பான். அவர் சிரிக்கவில்லை. விரலை நீட்டிக் கேனைக் காட்டினார்.

"பேரைச் சொல்லு. எந்த எண்ணெய்?"

குனிந்து கேனின் வாயை மோந்தாள்.

மண்ணெண்ணெய்.

இதை ஊற்றியிருந்தால் வண்டி பத்தடி போயிருக்காது. இருமி, வெள்ளைப் புகை கக்கி, நடுரோட்டில் படுத்திருக்கும். மச்சானின் வீட்டு எண்ணெயே மச்சானிடம் சாவியைக் கொடுத்திருக்கும்.

"பெற்றோல்," என்றாள். குரல் கீழே போயிருந்தது.

"எந்தப் பெற்றோல்?"

"தொண்ணூத்திரண்டு ஒக்டேன்."

"ஓயில் கலக்கோணுமா?"

"இல்ல. இது ஃபோர் ஸ்ட்ரோக்."

"கியூஆர் காட்டு."

கியூஆரா? தட்டுப்பாட்டில் அந்தக் குறியீட்டைக் காட்டி எண்ணெய் வாங்கிய காலம் மலையேறி இரண்டு வருசம். இப்போது யார் கேட்கிறார்கள்? மர்ளியா அவருடைய முகத்தை அப்போதுதான் நேரே பார்த்தாள்.

கதைக்கும்போது மாஸ்க் அசையவில்லை.

அவர் குழாயை எடுத்தார். டாங்கியின் வாயில் வைத்தார்.

ட்ர்ர்ர்ர்...

பம்பின் கண்ணாடி முழுக்கத் தூசி. அதற்குள்ளே எண்கள் ஓடின. ஒன்று... ஒன்றரை... இரண்டு...

பெற்றோல் வாசம் மூக்கில் ஏறியது. நல்ல பெற்றோல்.

அவளுடைய கண் குழாயின் வழியே கீழே இறங்கியது. அவருடைய கையிலிருந்து... முழங்கால் வரை... நிலம் வரை...

குழாயின் மறு நுனி அறுந்து மண்ணில் கிடந்தது.

பம்புக்கும் அதற்கும் நாலு முழம் தூரம்.

ட்ர்ர்ர்ர்...

ஓடு என்றது உடம்பு. மர்ளியா ஓடவில்லை. ஓடினால் வண்டி? அதை விட்டுவிட்டு அவள் எங்கே ஓடுவாள்? ஓட்டோவின் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பேய் பிசாசை விரட்டும் ஆயத்துல் குர்ஸியை ஓதத் தொடங்கினாள். பாதியில் நாக்கு ஒட்டிக்கொண்டது. மறுபடி முதலிலிருந்து ஓதினாள்.

ஓதியும் அவர் மறையவில்லை. தலையைக் குனிந்து நின்றார். அவரும் சேர்ந்து ஓதுவது போல இருந்தது.

அதுதான் அவளுக்கு இன்னும் பயம்.

ட்ர்ர்... டக்.

நின்றது.

"விளிம்பு வரைக்கும் அடிக்கப்படாது," என்றார். "வெயிலுக்கு எண்ணெய் பொங்கும்."

மர்ளியாவுக்கு எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. பயம் ஒரு எல்லையைத் தாண்டினால் கோபமாக மாறும் என்று அவள் சொல்வாள்.

"என்னட்ட அத்தின தரம் பேர் கேட்டீங்க," என்றாள். "இப்ப நான் கேக்கிறன். உங்கட பேரென்ன?"

அவர் குழாயை டாங்கியிலிருந்து எடுத்தார்.

"உசனார்."

பிறகு, "மூடிய இறுக்கு, புள்ள," என்றார்.

திரும்பி மூடியை இறுக்கினாள். ஒரு சுற்று... இரண்டு சுற்று.

நிமிர்ந்தாள்.

யாரும் இல்லை.

காற்று முகத்தில் அறைந்தது. கூரைத் தகரம் தடதடவென்று அடித்தது. பம்ப் துருப்பிடித்த வெறும் கூடு. கண்ணாடிக்குள்ளே எண்களே இல்லை, ஒரு குருவிக்கூடு இருந்தது. பின்னால் ரோட்டில் ஒரு லொறி ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. நேரம் 12.40.

வண்டி ஒரே இழுவையில் எடுத்தது. மண்ணெண்ணெய்க் கேனை அவள் விட்டுவிட்டு வரவில்லை. அது முஃபீதாவின் கேன். ஒரு மணி பத்துக்குத் தில்லையடிக்கு வந்தாள், டியூசன் பிள்ளைகளை ஏற்றினாள், இறக்கினாள். அதன் பிறகு வீட்டுக்கு வந்து வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு கிணற்றடியிலேயே குந்திவிட்டாள்.

அசர் தொழுகை முடிந்த கையோடு, 4.15க்கு, முபாறக் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். முகத்தில் வெற்றிக் களை. சாவியைத் தா என்றார்.

அந்த லொறியை ஓட்டியவன் அர்கம். முபாறக்கின் கூட்டாளி. மூடிக் கிடக்கும் பழைய செட்டடியில் நளீரின் ஓட்டோ நின்றதையும், மர்ளியா மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு தனியே கதைத்துக்கொண்டு நின்றதையும் தூரத்தில் வரும்போதே அவன் பார்த்திருக்கிறான். போதாததற்கு, முஃபீதாவும் மண்ணெண்ணெய்க் கேன் கதையைச் சொல்லியிருக்கிறாள். முபாறக் கணக்கை அழகாக முடித்து வைத்திருந்தார்.

"அத ஊத்தியிருந்தா வண்டி ஓடாது. ஊத்தல்லையெண்டா எதில ஓடி வந்த? நடுவழியில நிண்டு, ஆரோ இழுத்துக்கொண்டு வந்திருக்கு. சொன்ன சொல்லுச் சொல்லுதான், புள்ள."

வண்டி நிற்கவில்லை, ஓட்டிக்கொண்டுதான் செட்டுக்குள் விட்டேன், உசனார் என்று ஒரு ஆள் பெற்றோல் அடித்தார் என்றாள் மர்ளியா. வேறு என்ன சொல்வாள்? உள்ளதைத்தான் சொன்னாள்.

முபாறக்கின் முகம் மாறியது. போனை எடுத்து, அந்த செட்டை நன்றாகத் தெரிந்த அர்கமுக்கு அடித்தார். அர்கம் சொன்ன கதையை அப்படியே திருப்பிச் சொன்னார். உசனார் என்று ஒரு ஆள் அந்த செட்டில் வேலை செய்தது உண்மை. 2022ல் எண்ணெய் வரிசைக் காலத்தில் ஒரு நாள், யூஜீனியா என்ற மீன்காரப் பொம்பிளை கேனை நீட்டி, எண்ணெய் என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். பின்னால் நூறு பேர் கத்திக்கொண்டு நிற்க, அவர் எந்த எண்ணெய் என்று கேட்கவில்லை. பெற்றோலை அடித்துக் கொடுத்துவிட்டார். அன்றைக்குக் கரண்ட் இல்லை. அவள் அதை மண்ணெண்ணெய் என்று நினைத்து விளக்கில் ஊற்றிப் பற்ற வைத்தாள். தீக்காயத்தில் மூன்றாம் நாள் முடிந்துவிட்டாள். அதைக் கேட்ட இடத்திலேயே உசனார் விழுந்தவர்தான். ஒரு பக்கம் இழுத்து, வாய் கட்டுப்பட்டு, பாலாவியில் படுத்த படுக்கை. செட்டும் அத்தோடு மூடியது.

மூன்று வருசமாகக் கட்டிலை விட்டு எழும்பாத மனுசன் உனக்கு எண்ணெய் அடித்தாராக்கும் என்றார் முபாறக்.

மர்ளியா எழும்பினாள். முந்தானையை இழுத்துப் போர்த்தாள்.

"அப்ப அவர் உயிரோடதானே இரிக்காரு. வாங்க, போய்க் கேப்பம். அவர் இல்லையெண்டு தலையாட்டினா, அங்க வெச்சே உங்களுக்குச் சாவி."

அதுவரைக்கும் சாவி என்னிடம் இருக்கட்டும் என்று முபாறக் கையை நீட்டினார். மர்ளியா கொடுத்தாள். தன் வண்டியில் தானே பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். மச்சான் ஓட்டினார். சந்திகளில் ஆட்கள் பார்த்தார்கள். அவள் தலையைக் குனியவில்லை. ஆனால் உள்ளுக்குள்ளே ஒரே யோசனை. வாய் கட்டுப்பட்ட மனுசன் எப்படிச் சாட்சி சொல்வார்? பகலில் பார்த்த முகத்தை மறுபடி பார்க்க வேண்டுமே... அதற்கும் பயம்.

பாலாவிச் சந்தி தாண்டி, உப்பளப் பக்கம் திரும்பும் ஒழுங்கை. நேரம் 5.05.

ஒழுங்கை முழுக்க மோட்டார் சைக்கிள்கள். வாசலில் வாடகைக் கதிரைகள். வெள்ளைத் தொப்பிகள்.

முபாறக் வண்டியை நிறுத்தினார்.

மய்யித்து வீட்டுக்கு வந்தால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. யாராக இருந்தாலும் கேட்பார்கள். ஒதுங்கிப் போக முபாறக்குக்கும் வழியில்லை. வாசலில் நின்ற உசனாரின் மகன் அஸ்ஹானிடம் ஸலாம் சொல்லிக் கையைப் பிடித்தார். எப்படி மவுத்தானார் தம்பி என்று கேட்டார். மர்ளியா இரண்டு அடி பின்னால் நின்றாள்.

அஸ்ஹான் அதைப் பத்துப் பேருக்குச் சொல்லிக் களைத்திருந்தான். ஆனாலும் சொன்னான்.

"வாப்பாவப் பாத்துக்கொள்ள ஆளில்லாம நான் இண்டைக்கு ஜும்மாக்குப் போகல்ல. பன்னண்டு இருவதுக்கு மூச்சு ஒரு மாதிரி இழுத்திச்சு. வலது கைய உசத்தி, எதையோ புடிச்ச மாதிரி வெச்சிருந்தாரு. பன்னண்டு நாப்பதுக்குக் கண்ணத் திறந்தாரு. மூணு வருசமா ஒரு சொல்லுப் பேசாத மனுசன்... தெளிவாக் கதைச்சாரு."

"என்ன சொன்னாரு?"

"'கேட்டுத்தான் அடிச்சன்' எண்டாரு. 'அந்தப் புள்ள ஓட்டிக்கொண்டுதான் வந்திச்சு, வண்டி நிக்கல்ல' எண்டாரு. கலிமாச் சொன்னாரு. முடிஞ்சிட்டு." அஸ்ஹான் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "எந்தப் புள்ளயெண்டு எங்களுக்கு விளங்கல்ல. இன்னொண்டு... குளிப்பாட்டின ஆக்கள் சொல்றாங்க. மூணு தரம் கழுவியும் வலது கையில பெற்றோல் வாசம் போகுதில்லையாம்."

முபாறக் அவனுடைய கையை விடவில்லை. வெகுநேரம் பிடித்துக்கொண்டே நின்றார். மர்ளியா பெண்கள் பக்கம் போய், உசனாரின் மனைவி நஃபீஸாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து யாஸீன் ஓதினாள். எந்தப் புள்ள என்று அவள் சொல்லவில்லை. நஃபீஸாவின் காதோடு ஒன்று மட்டும் சொன்னாள். அவர் கேட்டுத்தான் அடித்தார், மாமி, மூன்று தரம் கேட்டார் என்று.

வெளியே வரும்போது 5.50. முபாறக் ஓட்டோவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். மர்ளியா உள்ளங்கையை நீட்டினாள்.

அவர் சாவியை அதில் வைத்தார். பிறகு பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.